அடுத்து என்ன செய்கிறீர்கள்?

பாலவனத்தம் என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு நினைவு வருகிறவர் பாண்டித்துரைத் தேவர். விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போகிற சாலையில் இருக்கும் அந்தக் கரிசல் காட்டு ஊரின் ஜமீன்தார் அவர். 1901-ல் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர். ஏட்டுச் சுவடிகளையும் புலவர்களையும் ஒருங்கே ஆதரித்தவர். அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படுகிற செய்தி ஒன்று உண்டு. ஸ்காட் என்ற ஆங்கிலேயர் திருக்குறளில் எதுகை மோனை சரியாக அமையவில்லை என்று கருதி, தம் மனம்போலத் திருத்தி அச்சிட்டாராம். தேவர் அந்தப் பிரதிகளையெல்லாம் விலை கொடுத்து வாங்கி, வேறு எவர் கையிலும் சிக்காதபடி அழித்துவிட்டாராம்.

இந்தச் செய்தி யாருக்கும் பெருமிதம் தரும். எழுதிப் பிழைக்கிற எனக்கோ இன்னும் ஒரு படி அதிகம். என் நாவலின் கடைசி அத்தியாயத்தை எவரோ ஒருவர் மாற்றி அச்சடித்தால் நான் சும்மா இருப்பேனா? ஒருவன் எழுதியது எழுதியபடியே இருக்கவேண்டும்; அதில் கைவைக்கப் பிறருக்கு உரிமையில்லை. இலக்கியம் என்று நாம் சொல்வதெல்லாம் இந்த ஒப்பந்தத்தின் மேல்தான் நிற்கிறது.

ஆனால் கதை என்பது இலக்கியத்தைவிட வயதில் மூத்தது. அதற்கு வேறோர் ஒப்பந்தமும் உண்டு. அந்தக் கரிசல் காட்டிலேயே பாட்டிமார் சொல்லிவந்த கதைகளுக்கு மூலபாடம் ஏது? ஒரே கதை தெருவுக்குத் தெரு வேறாக இருக்கும். இடைசெவல் கி. ராஜநாராயணன் அப்படிப்பட்ட கதைகளைத் தேடித் தேடிச் சேகரித்தபோது, அவை ஆளுக்கு ஒரு விதமாகத்தான் வந்து சேர்ந்தன. அதை யாரும் குற்றமாக எண்ணவில்லை. சொல்கிறவள் ஒருத்தி என்றாலும் அந்தக் கதையை நடத்துகிறவர்கள் பலர். கேட்கிறவன் 'உம்' கொட்டவேண்டும். 'உம்' நின்றால் கதையும் நின்றுவிடும். "அவன் ஏன் பாட்டி அந்த வழியாப் போனான்? இந்த வழியாப் போனா என்ன?" என்று ஒரு பயல் கேட்டுவிட்டால், பாட்டி ராஜகுமாரனைத் திருப்பி இந்த வழியாக அழைத்துவரவேண்டியதுதான். புலவர் சபையிலும் இது இருந்தது. சபையிலிருந்து ஒருவர் ஈற்றடியை எடுத்துக் கொடுப்பார். அது எத்தனை ஏடாகூடமாக இருந்தாலும் அதில் போய் முடிகிற மாதிரி புலவர் அந்த இடத்திலேயே வெண்பாவைப் பாடவேண்டும். அவதானம் என்று ஒரு கலையே இதைச் சுற்றி வளர்ந்தது.

அச்சுப் புத்தகம் வந்தது, கேட்பவன் வாசகனானான். சினிமா வந்தது, இருட்டில் உட்கார்ந்த ரசிகனானான். தொலைக்காட்சி வந்து அவனை வீட்டுக்குள் உட்காரவைத்தது. இன்று கைபேசித் திரையை விரலால் தள்ளிக்கொண்டிருக்கிறான். கதைக்குக் குறைவில்லை, முன் எந்தக் காலத்திலும் இவ்வளவு கதைகள் நம்மேல் வந்து விழுந்ததில்லை. குறைந்தது கேட்பவனின் பங்கு. 'உம்' கொட்டுகிற வேலைகூட இப்போது அவனுக்கு இல்லை.

இந்த இழப்பை நான் பெரிதாக நினைக்கிறேன். அதனால்தான், எங்கோ அமெரிக்காவில் பிறந்து நம் ஊர்களில் பலர் பெயர்கூடக் கேட்டிராத ஒரு விளையாட்டைப் பற்றி, நாவல் படிக்கிற உங்களிடம் பேச வந்திருக்கிறேன். ஆங்கிலத்தில் 'ரோல் பிளேயிங் கேம்' என்பார்கள். பாத்திரமேற்று மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற ஆட்டம். கதையாட்டம் என்று சொல்லலாம். அந்தப் பெயரையே இங்கே வைத்துக்கொள்கிறேன்.

இதன் பாட்டன் ஒரு யுத்த விளையாட்டு. பிரஷ்ய ராணுவத்தில் அதிகாரிகளுக்குப் பயிற்சி தர ரைஸ்விட்ஸ் என்ற தந்தையும் மகனும் அதை உருவாக்கினார்கள். மகனுடைய விதிநூல் 1824-ல் வெளிவந்தது. வரைபடத்தின் மேல் படைகளை நகர்த்துவார்கள். பகடை உருட்டிச் சேதத்தைக் கணக்கிடுவார்கள். நடுவர் ஒருவர் இருந்து தீர்ப்புச் சொல்வார். அங்கே ஒவ்வொருவரும் ஒரு படை. ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1960-களின் கடைசியில், அமெரிக்காவின் மின்னஸோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் இதில் ஒரு சின்ன மாற்றம் செய்தார். பிரௌன்ஸ்டைன் என்ற கற்பனை ஊரை வைத்து நடத்திய ஆட்டத்தில், ஆளுக்கு ஒரு படை தருவதற்குப் பதிலாக, ஆளுக்கு ஒரு மனிதனைக் கொடுத்தார். ஒருவர் ஊர்த் தலைவர், ஒருவர் பல்கலைக்கழகத் தலைவர் என்று இப்படி. படைகள் மோதுவதற்கு முன்பே மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசவும் சதிசெய்யவும் தொடங்கிவிட்டார்கள். அந்தக் குழுவைச் சேர்ந்த டேவ் ஆர்னெசன் இதை மேலும் வளர்த்தார். விஸ்கான்ஸினில் லேக் ஜெனீவா என்ற ஊரிலிருந்த கேரி கைகாக்ஸுடன் சேர்ந்து அவர் எழுதிய விதிகள் 1974-ல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் வெளிவந்தன. ஒரு பெட்டி, உள்ளே மூன்று சிறு புத்தகங்கள். முதல் பதிப்பு 1,000 பிரதிகள். இன்று உலகம் முழுவதும் ஆடப்படுகிற கதையாட்டங்களுக்கெல்லாம் அதுதான் மூத்த பிள்ளை.

ஆட்டம் எப்படி நடக்கிறது? நான்கைந்து பேர் போதும். ஒருவர் கதை நடத்துகிறவர். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம். நடத்துகிறவர் ஒரு சூழ்நிலையைச் சொல்லிவிட்டு, "அடுத்து என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பார். பாத்திரமேற்றவர்கள் தாங்கள் செய்வதைச் சொல்வார்கள். செய்கிற காரியம் நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் பகடை உருளும். விழுந்த எண்ணைப் பார்த்து நடத்துகிறவர் விளைவைச் சொல்வார். மீண்டும் அதே கேள்வி. ஆட்டம் அவ்வளவுதான்.

நம் வீட்டு ஆட்டங்களோடு சேர்த்துப் பார்த்தால் இதன் இடம் இன்னும் தெளிவாகத் தெரியும். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடுகிறோமே பரமபதம், அதில் எல்லாம் பகடையின் செயல். ஏணியில் ஏறுவதும் பாம்பில் இறங்குவதும் நம் கையில் இல்லை. சதுரங்கத்தில் எல்லாம் நம் கையில். அங்கே விதிக்கு வேலையில்லை. ஆடுபுலியாட்டத்தில் ஒருவர் 3 புலிகள், மற்றவர் 15 ஆடுகள். அங்கே உட்காருகிற இடத்துக்குத் தக்கபடி நம் புத்தியும் மாறவேண்டும். கதையாட்டத்தில் இந்த மூன்றும் உண்டு: பரமபதத்தின் விதி, சதுரங்கத்தின் மதி, ஆடுபுலியின் வேடம். அதோடு நாலாவதாக ஒன்று சேர்கிறது. இதில் வெற்றி தோல்வி என்பது பெரும்பாலும் இல்லை. கதை நன்றாக வந்ததா என்பதுதான் கேள்வி.

ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும். டிராகனும் வேண்டாம், பாதாளக் குகையும் வேண்டாம். பாலவனத்தத்தையும் திருச்சுழியையும் சுற்றிய அந்த வறண்ட சீமையில் ஒரு கண்மாயை வைத்துக்கொள்வோம். மூன்று வருஷம் பொய்த்த மழை, ஐப்பசியில் மூன்று நாளாக விடாமல் கொட்டுகிறது. நாலு பேர் ஆடுகிறார்கள். ஒருவர் நடத்துகிறவர். ஒருவர் ஊர் நீர்ப்பாய்ச்சி. ஒருவர் வயதான சம்சாரி. இன்னொருவர் பருத்தி வியாபாரி. நடத்துகிறவர் தொடங்குகிறார்:

"ராத்திரி பன்னெண்டு மணி. நடுமடைக்குப் பக்கத்துல கரை கசியுது. கலுங்குல அடைச்ச பலகையை எடுத்துவிட்டாத் தண்ணி வெளியே போயிரும், கரை தப்பும். ஆனா அந்தத் தண்ணி நேராக் கீழூர்க்காரங்க வயலுக்குத்தான் போகும். அவங்க நட்டு அஞ்சு நாள்தான் ஆகுது. என்ன செய்றீங்க?"

"பலகையைப் பிடுங்கப் போறேன்" என்கிறார் நீர்ப்பாய்ச்சி. "யோசிக்க நேரம் ஏது?"

"கொஞ்சம் பொறுப்பா" என்கிறார் சம்சாரி. "எம் மகளைக் கீழூர்லதான் கட்டிக் குடுத்திருக்கு. சொல்லாம கொள்ளாம தொறந்துவிட்டா நாளைக்கு அவ முகத்துல எப்படி முழிப்பேன்?"

"மாமா, கரை போச்சுன்னா நம்ம ஊரே போச்சு" என்கிறார் நீர்ப்பாய்ச்சி. "அண்ணாச்சி, உங்க வண்டி இருக்கில்ல? கீழூருக்கு ஓர் ஆளை அனுப்புங்க."

"வண்டியில பருத்தி ஏத்தி நிக்குது. இறக்குனா நனைஞ்சுரும்" என்று இழுக்கிறார் வியாபாரி.

இங்கே சற்று நில்லுங்கள். கீழூரில் வாழ்க்கைப்பட்ட அந்த மகள் ஒரு நிமிஷத்துக்கு முன் இந்த உலகத்தில் இல்லை. நடத்துகிறவர் அவளை நினைக்கவில்லை. சம்சாரியாக ஆடுகிறவரே கூட, வாயைத் திறக்கும்வரை அவளை அறியார். அவள் பிறந்தாள், பிறந்த மறுகணம் கரையை உடைப்பதும் காப்பதும் ஒரு குடும்பத்தின் விஷயமாகிவிட்டது. இப்படி ஒரு பாத்திரம் வந்து வாய்க்க நாவலாசிரியன் சில சமயம் மாதக்கணக்கில் காத்திருக்கிறான். இங்கே மேசையைச் சுற்றி உட்கார்ந்த நாலு பேருடைய பேச்சின் நெருக்கடி அவளைக் கொண்டுவந்துவிட்டது.

பிறகு நீர்ப்பாய்ச்சி பலகையைப் பிடுங்குகிறார். பகடை உருளுகிறது. பலகை வந்துவிட்டது, ஆனால் ஒரு கஷ்டத்தோடு வந்தது. என்ன கஷ்டம்? நடத்துகிறவர் சொல்கிறார்: "கலுங்குல தண்ணி பாயிற சத்தத்துல கீழூர்க் காவக்காரன் முழிச்சிட்டான். கையில லாந்தரோட வரப்பு மேல ஓடி வாரான். மாமா, ஒங்க மருமகன் அவன். என்ன செய்றீங்க?"

நாவல் படிக்கிறவர்களுக்கு இந்த ஆட்டம் எதைத் தருகிறது என்பதை இந்தச் சின்னக் காட்சியே சொல்லிவிடும். நளன் சூதாடியபோது நாம் அவனுக்காக வருந்துகிறோம். ஆடாதே என்று உள்ளுக்குள் கத்துகிறோம். ஆனால் அவன் ஆடுவான் என்பது நமக்குத் தெரியும். நம் கத்தல் அவன் காதில் விழாது. நாவலின் பெரிய சக்தியே அதுதான்: நடக்கப்போவதைத் தடுக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருப்பது. இரக்கம் அங்கே பிறக்கிறது. கதையாட்டத்தில் பிறப்பது வேறு. அங்கே பகடை உங்கள் கையில் இருக்கிறது. ஆடலாமா வேண்டாமா என்று நீங்களே சொல்லவேண்டும். அதுவும் நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்லவேண்டும். சொன்னபின் விளைவை நீங்கள் தீர்மானிக்க முடியாது. தேர்வு நம்முடையது, பலன் நம்முடையது அல்ல என்ற வாழ்க்கையின் பழைய கணக்கை எந்தத் தத்துவ நூலைக் காட்டிலும் நேராக இந்த ஆட்டம் கற்றுக்கொடுக்கிறது. இரக்கம் பழகியவர்களுக்குப் பொறுப்பும் பழக்கமாகவேண்டும் அல்லவா?

புகழ்ந்துவிட்டேன். குறைகளையும் சொன்னால்தான் விமர்சனம்.

முதல் குறை, மூத்த பிள்ளையிடமே இருக்கிறது. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' யுத்த விளையாட்டின் வயிற்றில் பிறந்தது. அந்த வாசனை இன்னும் போகவில்லை. அதன் விதிகளில் பெரும்பகுதி சண்டையைப் பற்றியது. 1974-ன் விதிப்படி, குகைக்குள்ளிருந்து பொன்னை எடுத்துவந்தால் அந்தப் பொன்னின் அளவுக்கு உங்கள் பாத்திரத்தின் 'அனுபவம்' கூடும். பணம் சேர்ந்தால் மனிதன் பெரியவனாகிறான் என்ற கணக்கு கதைக்கு ஏற்றதல்ல. நல்ல கைகளில் இந்த ஆட்டம் அருமையாக நடக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது விதிநூலால் அல்ல, ஆடுகிறவர்களால்.

பின்னால் வந்தவர்கள் இதை உணர்ந்தார்கள். 1981-ல் வந்த 'கால் ஆஃப் கதுல்ஹு' அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராஃப்டின் பயங்கரக் கதைகளை வைத்துச் செய்யப்பட்டது. அதில் துப்பறிகிறவர்கள் போகப் போக வலிமை பெறுவதில்லை. தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ளப் புத்தி பேதலிக்கிறார்கள். உண்மையை அறிவதற்கு ஒரு விலை உண்டு என்ற எண்ணத்தை விதியாகவே ஆக்கிவிட்டார்கள். துப்பறியும் கதைப் பிரியர்கள் தொடங்கவேண்டிய இடம் இது. 2009-ல் ஜேஸன் மார்னிங்ஸ்டார் எழுதிய 'ஃபியாஸ்கோ' இன்னும் ஒரு படி போயிற்று. அதில் நடத்துகிறவரே கிடையாது. சாமானிய மனிதர்கள் பேராசையால் ஒரு திட்டம் போட்டு, ஒரே மாலையில் எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்கிறார்கள். நம் குடும்பச் சொத்துத் தகராறுகளை அப்படியே தூக்கி அதில் போடலாம். 2013-ல் ஏவரி ஆல்டர் எழுதிய 'தி கொயட் இயர்' எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு சீட்டுக்கட்டும் ஒரு வெள்ளைத் தாளும் போதும். ஒரு சமூகம் பெருந்துன்பத்திலிருந்து மீண்டு, ஒரு வருஷம் அமைதியாக வாழக் கிடைத்திருக்கிறது. 52 சீட்டுகள் 52 வாரங்கள். நாலு வகைச் சீட்டுகள் நாலு பருவங்கள். ஒவ்வொரு சீட்டையும் எடுக்க எடுக்க, எல்லோருமாகச் சேர்ந்து அந்தத் தாளில் ஊரின் படத்தை வரைந்துகொண்டே போகிறார்கள். கண்மாய் எங்கே, கோயில் எங்கே, யாருடைய வீடு எங்கே என்று வரையத் தெரிந்த எந்தக் கரிசல் ஊர்க்காரருக்கும் இதைக் கற்க அரைமணி நேரம் போதும்.

இரண்டாவது குறை, இந்தக் கலையின் கூடப் பிறந்தது. ஆடியவர்களுக்கு அமுதமாக இருந்த கதை, மறுநாள் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னால் பழைய சோறாகிவிடுகிறது. பாதிக் கதை தடுமாற்றம், பாதிக் கதை சிரிப்பு. செப்பம் செய்ய யாரும் இல்லை. ஆகவே இது நாவலுக்குப் போட்டியல்ல. கல்யாண வீட்டில் எல்லோரும் சேர்ந்து பாடுகிற பாட்டுக்கும் கச்சேரிக்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கேயும். கச்சேரி கேட்கிறவர்கள் நலங்குப் பாட்டை இழிவாக நினைப்பதில்லையே!

இனிப் புதியவர்களின் தயக்கத்துக்கு வருகிறேன். நான் பேசிப் பார்த்தவர்களிடம் மூன்று தயக்கங்கள் கண்டேன்.

முதலாவது வெட்கம். "வயது வந்த மனிதன் வேஷம் போட்டுக்கொண்டு பேசுவதா?" என்கிறார்கள். கூத்தாடியைத் தாழ்த்திப் பழகிய நம் நடுத்தர வர்க்கத்துப் புத்தி இது. ஆனால் ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று சீட்டெழுதிக் குலுக்கிப் போட்டு ஆடாத பிள்ளை உண்டா? திருடன் சீட்டு வந்ததும் முகத்தை ராஜா மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோமே, அதற்குப் பெயர் என்ன? சொப்பு வைத்துச் சோறாக்கி, "மாமா, சாப்பிட வாங்க" என்று கூப்பிட்ட அந்தக் குரல் யாருடையது? வித்தை நமக்குத் தெரிந்ததுதான். பத்து வயதில் கைவிட்டோம், அவ்வளவே. மேலும், இதில் நடிக்கவேண்டிய அவசியமே இல்லை. "என் பாத்திரம் கோபமாகக் கதவைத் தட்டுகிறது" என்று சாதாரணக் குரலில் சொன்னால் போதும்.

இரண்டாவது தயக்கம் பொருளைப் பற்றியது. விதிநூல்கள் ஆங்கிலத்தில், பருமனாக, விலையாக இருக்கின்றன. அந்த இருபது முகப் பகடைக்கு எங்கே போவது என்கிறார்கள். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸி'ன் அடிப்படை விதிகள் 2023 முதல் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மொழிபெயர்க்கலாம் என்ற பொது உரிமத்தில் கிடைக்கின்றன. ஆனால் முதல் ஆட்டத்துக்கு அதுவும் வேண்டியதில்லை. வீட்டில் ஒரு ஜோடித் தாயக்கட்டை இருந்தால் போதும். முகங்களில் ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை என்று இருக்கிற நீளக் கட்டைகள். இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. இரண்டு கட்டைகளும் சேர்ந்து விழக்கூடிய விதங்கள் 16. பல வீடுகளில் 1, 5, 6, 12 ஆகிய நான்கும் விழுந்தால் மறு ஆட்டம் உண்டு. அந்த நான்கும் 16-ல் 6 விதங்களில் விழும். அவற்றை முழு வெற்றி என்று வையுங்கள். 3-ம் 4-ம் விழுந்தால் காரியம் நடக்கும், ஆனால் ஒரு கஷ்டத்தோடு. இது 7 விதம். 2 விழுந்தால் தோல்வி. இது 3 விதம். கடினமான காரியமானால் 3-ஐயும் தோல்வியில் சேர்த்துவிடுங்கள். கலுங்குப் பலகையை நான் பிடுங்கவைத்தது இந்தக் கணக்கில்தான். இதற்கு மேல் விதி முதல் நாளைக்கு வேண்டாம்.

மூன்றாவது தயக்கம் பெற்றோருடையது. பிள்ளைகள் கற்பனையில் மூழ்கிக் கெட்டுப்போவார்களே என்று. 1980-களில் அமெரிக்காவிலும் இதே பயம் பெருங்கூச்சலாக எழுந்தது. இந்த ஆட்டம் பேயாராதனைக்கு வழி என்றுகூடச் சொன்னார்கள். காலப்போக்கில் அந்தக் கூச்சல் அடங்கிற்று, ஆட்டம் நின்றது. நாவல் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று நம் வீடுகளில் சொன்ன காலம் உண்டு. அதைத் தாண்டி வந்த வாசகர்களுக்கு நான் அதிகம் சொல்லவேண்டியதில்லை.

என் பயம் வேறு. நம் நாட்டில் இன்னொருவன் வாழ்க்கையை எடுத்துப் போட்டுக்கொள்வது எளிதான காரியமல்ல. ஊர்த் தண்ணீரைப் பற்றிக் கதை நடத்தினால், கூப்பிடாமலே சாதியும் வந்து மேசையருகே உட்கார்ந்துகொள்ளும். அந்த நீர்ப்பாய்ச்சி எந்தத் தெருக்காரர்? வியாபாரி வீட்டுத் திண்ணையில் அவர் உட்காரலாமா? மேலத்தெருக்காரர் கீழத்தெருக்காரராக ஆடுகிறபோது, அந்தப் பேச்சையும் நடையையும் கேலிக்கூத்தாக்கி நாலு பேரைச் சிரிக்கவைத்துவிட்டுப் போவது சுலபம். அப்படி ஆடினால் இந்த ஆட்டம் ஆடாமலிருப்பதே மேல். ஆனால் அதே மனிதர், அந்தத் திண்ணைக்குக் கீழே நின்றுகொண்டு, "அண்ணாச்சி, வண்டியைக் குடுங்க" என்று கேட்கவேண்டிய நிலையில், என்ன வார்த்தையில் கேட்பது என்று ஒரு கணம் திகைப்பாரானால், அந்த ஒரு கணம் ஒரு நல்ல நாவலின் அத்தியாயத்துக்குச் சமம். அந்தத் திகைப்புக்காகத்தான் நான் இதைச் சிபாரிசு செய்கிறேன்.

இதற்கு அனுபவசாலிகள் கண்டிருக்கிற ஏற்பாடு ஒன்று உண்டு. தொடங்குமுன், எந்தெந்த விஷயம் கதைக்குள் வரவேண்டாம் என்று எல்லோரும் பேசி முடிவுசெய்துகொள்வது. மேசை நடுவே ஒரு சீட்டை வைத்துவிடுவது. ஆட்டத்தின் நடுவில் பேச்சு யாருக்காவது தாங்கமுடியாமல் போனால், அவர் அந்தச் சீட்டைத் தொடுவார். ஏன் என்று யாரும் கேட்காமல் அந்தப் பேச்சை விட்டு வேறு பக்கம் போய்விடுவார்கள். நம் குடும்பக் கூட்டங்களிலேயே இப்படி ஒரு சீட்டு இருந்தால் தேவலை என்று தோன்றுகிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நாலு வார்த்தை. நாலு பேர், மூன்று மணி நேரம், ஒரே நாளில் முடிகிற ஒரு கதை: இதற்கு மேல் முதலில் ஆசைப்படாதீர்கள். நடத்துகிறவர் முடிவை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளக்கூடாது. எழுத்தாளர்கள் இந்த ஆட்டத்தை மோசமாக நடத்துவார்கள் என்று நான் நினைப்பதற்குக் காரணம் அதுவே. சூழ்நிலை ஒன்றும், ஒன்றுக்கொன்று முரண்படுகிற தேவைகள் இரண்டு மூன்றும் இருந்தால் போதும். ஆடுகிறவர்கள் தங்கள் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுவதைவிட, பக்கத்தில் இருப்பவர் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டு அதன்மேல் ஒரு கல்லை எடுத்து வைக்கவேண்டும். அதாவது, பழைய 'உம்'மையே கொஞ்சம் நீட்டிச் சொல்லவேண்டும்.

இத்தனை காலம் நான் சொல்ல நீங்கள் கேட்டீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. என் பிழைப்பே அதுதான். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையாவது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, தாயக்கட்டையை எடுத்துக்கொண்டு, வீட்டிலிருப்பவர்களையும் பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டு உட்காருங்கள். கண்மாய்க் கரை கசிந்துகொண்டிருக்கிறது. லாந்தரோடு ஒருவன் ஓடிவருகிறான். அவனிடம் என்ன சொல்வது என்பதை நான் எழுதப்போவதில்லை. அது உங்கள் பாடு.